சார்ஜ் ஏறல்ல, மைனி!

பேட்டரிக்கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு: ஒழுங்காக ஓடுகிற வண்டி எதையும் அவர்கள் கண்ணால் பார்க்கவே முடியாது. தள்ளிக்கொண்டு வருகிற வண்டி, காளை கட்டி இழுத்து வருகிற வண்டி, விளக்கு அவிந்த வண்டி, ஹாரன் தொண்டை கட்டிப்போன வண்டி, இவைதான் எங்கள் வாசலில் வந்து நிற்கும். அடுப்பில் உலை, இடுப்பில் பிள்ளை, வாசலில் ஆள் என்று மூன்று பக்கமும் முழித்துப் பழகிய சகோதரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான்.

எங்கள் கடை வடசேரியில், சந்தைக்குத் திரும்புகிற முக்கில் இருக்கிறது. கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. கார், லாரிகளுக்கு மின்சார வேலை செய்வது என் வீட்டுக்காரருக்குத் தொழில். மாமன் மகன் என்பதால் எனக்கு அவர் அத்தான். தொழிலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வண்டி ஓடும்போது எஞ்சினோடு சேர்ந்து டைனமோ என்று ஒன்று சுற்றும். அது கரண்டை உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு விளக்குக்கும் ஹாரனுக்கும் கொடுக்கும். இந்த வழியில் எங்கே கோளாறு வந்தாலும் டிரைவர்கள் வந்து சொல்கிற வாசகம் ஒன்றேதான்: "சார்ஜ் ஏறல்ல." அது தலைவலி என்பதைப் போல. எதனால் வலி என்று கண்டுபிடிப்பது கடைக்காரர் பாடு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்த நான் நாற்பத்தொரு நாள் அந்தப் பாடு பட்டேன்.

ஹாண்டில் கொடுத்த அடி

ஆவணி கடைசியில் ஒரு லாரி வந்தது. பேட்டரி செத்துக் கிடந்ததால் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அத்தான் சுற்றினார். எஞ்சின் திருப்பி ஒரு உதை கொடுத்தது. மடக்கென்று ஒரு சத்தம். அது இரும்பில் இருந்து வரவில்லை. வலது மணிக்கட்டு போயிற்று. எலும்பு கட்டும் ஆசான் வந்து மூங்கில் பத்தை வைத்து, பச்சிலையும் முட்டை வெள்ளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நாற்பத்தொரு நாளைக்கு அந்தக் கையால் சோறுகூட அள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேதி கேட்டு மறுநாளே அத்தானின் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். நான் அவரைப் பெரியத்தான் என்பேன்; அதுவும் அவர் இல்லாதபோது. புருஷனுக்கு மூத்தவர் முன்னால் நின்று பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வதோடு சரி. கடை நிற்கிற இடம் அவர் பெயரில் இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஊருக்கு வாருங்கள், வயலும் வரப்பும் இருக்கிறது என்றார். நாற்பத்தொரு நாள் பூட்டிக் கிடந்தால் டாக்சி ஸ்டாண்டு டிரைவர்கள் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் திரும்ப மாட்டார்கள் என்று அத்தான் கெஞ்சினார். "வேலையை நான் சொல்லிக் கொடுக்கேன், அவ செய்வா" என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினார். பெரியத்தான் வெற்றிலையைத் துப்பினார். பிறகு தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "நாப்பத்தொரு நாள் பாப்பேன். அதுக்குள்ள, 'உனக்க தம்பி பெண்டாட்டி எனக்க வண்டியைக் கெடுத்துப் போட்டா'ன்னு ஒருத்தன் சொல்லி எனக்க காதுல விழுந்துதுன்னா, சாவியை வாங்கி மடியில சொருகிட்டுப் போயிருவேன், கேட்டியா?"

தூது

முதல் ஆளாக வந்தவர் டாக்சி ஸ்டாண்டில் கறுப்புக் கார் ஓட்டுகிற தங்கையா. அத்தானை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் கொழுந்தன் முறை. என்னை மைனி என்பார். காரை நிறுத்தி இறங்கி வந்து, என் தோளுக்கு மேலே எட்டி, உள்ளே ஸ்டூலில் கையைத் தொட்டில் கட்டி உட்கார்ந்திருந்த அத்தானிடம், "அண்ணாச்சி, சார்ஜ் ஏறல்ல" என்றார். "எத்தனை நாளா?" என்று நான் கேட்டேன். "ரெண்டு நாளா, அண்ணாச்சி" என்றார். "பெல்ட்டு இறுக்கினீங்களா?" என்றேன். "இறுக்கியாச்சு, அண்ணாச்சி" என்றார். ஒரு முழ தூரத்தில் நிற்கிற என் கேள்விக்குப் பதில் பத்தடி தள்ளி இருக்கிற ஸ்டூலுக்குப் போயிற்று. இதில் நான் கோபப்பட என்ன இருக்கிறது? கதவுக்குப் பின்னால் நின்று நான் செய்வதைத்தான் அவர் நடுத்தெருவில் நின்று செய்தார்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. டைனமோவின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே கரியால் செய்த இரண்டு சின்னக் கட்டைகள் இருக்கும். பிரஷ் என்று பேர். பல் தேய்க்கிற பிரஷுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுற்றுகிற செப்பு உருளையை அது தொட்டுக்கொண்டே இருந்தால்தான் கரண்டு வெளியே வரும். அத்தான் அங்கிருந்தே சொன்னார், "ஸ்பிரிங்கைத் தூக்கிப் பாரு." தூக்குவதற்குக் கொக்கி தேடினேன், கிடைக்கவில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி அதனால் தூக்கினேன். ஒரு பிரஷ் எண்ணெயும் கரியும் சேர்ந்து கூட்டுக்குள்ளேயே ஒட்டிப் போயிருந்தது. பெட்ரோல் துணியால் துடைத்து விட்டேன். வண்டியைக் கிளப்பினதும் முன் பலகையில் கடிகாரம் மாதிரி இருக்கிற சார்ஜ் மீட்டரில் முள் 'ஏறுது' என்ற பக்கம் சாய்ந்தது. எனக்கு அங்கேயே கும்மி அடிக்கத் தோன்றியது. கை முழுக்கக் கரி. தங்கையா முள்ளைப் பார்த்தார், என் அவிழ்ந்த கொண்டையைப் பார்த்தார், பிறகு ஸ்டூலைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, மைனிகிட்ட சொல்லிருங்கோ, வேலை கொள்ளாம், நல்லாத்தான் இருக்குன்னு."

மண் தொடாத தண்ணீர்

பூதப்பாண்டிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் புதிதாகக் கார் வாங்கியிருந்தார். நிறைய வயல், நிறைய தென்னை, நல்ல மனசு. அவருடைய வண்டியில் டைனமோ சரி, பெல்ட்டு சரி, முள்ளும் ஏறுகிற பக்கம்தான் நின்றது. ஆனால் காலையில் பார்த்தால் பேட்டரி படுத்துவிடும். அப்படியானால் கோளாறு பேட்டரிக்குள்ளேதான். மூடியைத் திறந்தேன். குப்பென்று ஒரு வாடை. ஆசிட்டின் வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை. புளித்த அக்கானி, அதாவது பதநீர் மாதிரி. உள்ளே பழுப்பு நிறத்தில் நுரை பொங்கி நின்றது.

"என்ன ஊத்தினீங்கோ?" என்று கேட்டேன். பண்ணையார் பெருமையாகச் சொன்னார். போன தடவை அத்தான் அவரிடம், பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் விடக் கூடாது, அதில் உப்பு இருக்கும், மண்ணைத் தொடாத சுத்தத் தண்ணீர்தான் விட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காய்ச்சி வடித்த தண்ணீரை மருந்துக்கடையில் புட்டியில் வாங்கலாம் என்று சொல்வதற்குள் பண்ணையாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மண்ணைத் தொடாத தண்ணீருக்கு அவர் எதற்குக் கடைக்குப் போக வேண்டும்? தோப்பில் ஆள் ஏற்றி, செவ்விளநீராகப் பார்த்து ஆறு குலை வெட்டி, பன்னாடையால் வடிகட்டி, தன் கையாலேயே விட்டிருக்கிறார். ஸ்டூலில் அத்தான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் ஒடிந்த கை மறுபடி ஒடியுமோ என்று பயந்தேன். இது இனி ஆகாது, வேறு பேட்டரிதான் என்று நான் பையச் சொன்னதும் பண்ணையார் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்: "சாமிக்கு அபிஷேகம் செய்யலாம், சீக்காளிக்குக் கொடுக்கலாம், இந்தச் சவத்துப் பெட்டிக்கு மட்டும் இளநி ஆகாதோ?"

பால்காரர் பார்த்தது

பேட்டரியின் சத்தைப் பார்க்க ஒரு கருவி உண்டு. கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே இன்னொரு சின்னக் கண்ணாடி மிதக்கும். ஆசிட்டை உறிஞ்சினால், சத்துள்ள பேட்டரியில் மிதவை உயரே நிற்கும், சத்தில்லாவிட்டால் முங்கிவிடும். ஒரு நாள் காலை நான் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணியாட்டு இருக்கு, சுத்தமாட்டு சத்தே இல்ல" என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஆசிட் பக்கம் வராதபடி பழைய லாரி டயர் ஒன்றுக்குள் உட்கார வைத்திருந்தேன், அதற்குள் நின்றுகொண்டு பாலுக்காக அழுதுகொண்டிருந்தாள். பின்னால் செம்பு கீழே விழுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் பால்காரர். முகம் வெளுத்துப் போயிருந்தது. முனிசிபாலிட்டியில் பாலைச் சோதிக்கிற குழாயும் இதே மாதிரிதான் இருக்குமாம். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து வந்த பாலில் ஆடை கட்டியது பாருங்கள், என் மகளுக்கு அந்த மாதம் கன்னம் உப்பிவிட்டது. அன்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தாயே, அந்தக் குழலை உள்ளே வச்சிருங்கோ, நானாட்டே சத்துள்ளதாட்டு கொண்டு வாறேன்."

சொந்த ரப்பர்

கீரிப்பாறைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒருவர் சின்னதாக ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். அங்கே லாரி ஓட்டுகிறவர் ஒரு நாள் வந்து சேர்ந்தார். மலை ஏறும்போது சார்ஜ் ஏறவில்லை, இறங்கும்போது ஏறுகிறது என்றார். டைனமோ என்ன மலையைப் பார்த்துப் பயப்படுமா என்று அத்தானுக்கே குழப்பம். மூடியைத் தூக்கினேன். வழக்கமான கறுப்பு பெல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் தேன் நிறத்தில் ஏதோ சுற்றிக் கிடந்தது. புகை போட்ட ரப்பர் ஷீட்! பழைய பெல்ட்டு அறுந்ததும், ஷீட்டை நீளமாக வெட்டி, முறுக்கி, சணலால் தைத்து மாட்டியிருக்கிறார். தையல் நல்ல தையல். நான்கூட அப்படித் தைக்க மாட்டேன்.

ஆனால் பாலை உறைய வைத்த ரப்பர் பெல்ட்டுக்கு ஆகாது. சூடு ஏறினால் மெழுகு மாதிரி நீளும், வழுக்கும். ஏற்றத்தில் எஞ்சின் சூடாகி பெல்ட்டு நீண்டு டைனமோ நின்றுவிடும். இறக்கத்தில் ஆறினதும் பிடித்துக்கொள்ளும். இதை நான் விளக்கமாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிக்கொண்டே போயிற்று. எங்கள் கடையிலிருந்த புது பெல்ட்டை மாட்டினேன். முள் நகர்ந்தது, ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. பழைய பெல்ட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறுகிறபோது சொன்னார்: "நாங்க வெட்டிப் பாலெடுத்து சீமைக்கு அனுப்புத ரப்பர்தான் அங்கேருந்து பெல்ட்டா வருது, கப்பல்ல போய்ட்டு வந்தாத்தான் அதுக்குப் புத்தி வருமோ மைனி?"

காய்ச்சல்

ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் காரில் சாயந்தரம் நிறுத்துகிறபோது நிறைந்த பேட்டரி, காலையில் காலியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கண் வைத்ததுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். காரின் முன்பக்கத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்து ஒரு மாலையே தொங்கியது. அன்று அவர் காலையில் வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போய், மத்தியானம்தான் திரும்பி வந்தார். அதுவரை எனக்கு மகளுக்குச் சோறு ஊட்டுகிற வேலை இருந்தது. பிறகு மூடியைத் தூக்கி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் டைனமோ மேல் கையை வைத்தேன். பிள்ளையின் நெற்றியில் வைத்துப் பார்க்கிற பழக்கம்தான். சுட்டது! எஞ்சின் குளிர்ந்து கல்லாகக் கிடக்கிறது, டைனமோவுக்கு மட்டும் நல்ல காய்ச்சல்.

அத்தான் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். "கட்டவுட்டு ஒட்டிக்கிட்டு" என்றார். கட்டவுட்டு என்பது வயலுக்கு மடை மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது திறந்து வயலுக்கு விடும். வாய்க்கால் வற்றினால் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் வயலில் நின்ற தண்ணீர் வாய்க்காலுக்கே திரும்பி ஓடிவிடும் அல்லவா? அப்படித்தான் பேட்டரியில் சேர்த்ததெல்லாம் வண்டி நிற்கிற நேரமெல்லாம் டைனமோவுக்கே வடிந்திருக்கிறது. ஒட்டிப்போன முனைகளைப் பிரித்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். வேலை முடிந்ததும் ஜவுளிக்கடைக்காரர் எலுமிச்சை மாலையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அத்தானைக் கேட்டார்: "அப்போ பக்கத்து வீட்டுக்காரன் நல்லவனா, வே? ஆறு மாசமாட்டு அவன் முகத்துல முழிக்காம சுத்துப்பாதையில போய்க்கிட்டு இருக்கேனே!"

பூசைக்கு அப்புறம்

நாற்பத்தொரு நாளில் இரண்டு நாள்தான் பாக்கி. சரஸ்வதி பூசை கழிந்து மூன்றாம் நாள். வெள்ளிக்கிழமை ஆசான் வந்து கட்டுப் பிரித்தால் எல்லாம் சுபம் என்று நான் காலையில்தான் நினைத்தேன். பத்து மணிக்கு தங்கையாவின் கறுப்புக் கார் வந்தது, தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளினவர்களில் ஒருவர், வேட்டியெல்லாம் சேறாகி, பெரியத்தான்! சந்தைக்கு வருவதற்காக அந்தக் காரில் ஏறியிருக்கிறார். ஒழுகினசேரிப் பாலத்தில் அது நின்றுவிட்டது.

தங்கையா தெருவிலிருந்தே ஆரம்பித்தார். "அண்ணாச்சி, மூணு நாள்ல நாலு பல்பு எரிஞ்சு போச்சு. பேட்டரியில ஒரு பொட்டு சார்ஜ் இல்ல. மைனி டைனமோவுல கை வச்சபிறகுதான் எல்லாம்!" சந்தைக்குப் போகிற கூட்டம் நின்று கேட்டது. பெரியத்தான் கடைக்குள் வந்தார், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார், மடியில் சொருகினார். நான் கதவுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். அத்தான், "ஏட்டி செல்லம், நீ வண்டியைப் பாரு" என்றார்.

பார்த்தேன். பெல்ட்டு சரி. பிரஷ் இரண்டும் சரி. கொண்டை ஊசியால் தூக்கிப் பார்த்துவிட்டேன். கடையிலிருந்து வேறு பேட்டரியைக் கம்பியால் தொடவைத்துக் கிளப்பி, கம்பியை எடுத்துவிட்டு, விளக்கைப் போடச் சொன்னேன். எஞ்சின் மெல்ல ஓடும்போது விளக்கு அழுதது. வேகம் கூட்டினால் கண்ணைக் குத்துகிற வெள்ளை. அத்தான் பக்கத்தில் வந்து, "டைனமோ சுகமாட்டுதான் இருக்கு. அது கொடுக்குது, பேட்டரி வாங்கல்ல. போக இடமில்லாம பல்பு மேல ஏறி எரிக்குது" என்றார். அப்படியானால் டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் எங்கேயோ வழி அடைத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஸ்டார்ட்டரை ஒரு தடவை அமுக்குங்கோ" என்றேன். கிர்ர் என்று முனகி நின்றது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வண்டியில் பெட்ரோல் வாசனை வரும், எண்ணெய் வாசனை வரும், ரப்பர் கருகின வாசனை வரும். இது கோயில் வாசனை. சுடச்சுட, சந்தன வாசனை.

பேட்டரியின் தலையில் ஈயத்தில் இரண்டு குமிழ் நிற்கும், டெர்மினல் என்பார்கள். அவற்றில்தான் கம்பியின் வளையத்தை மாட்டி இறுக்குவார்கள். ஒரு வளையத்தைத் தொட்டேன், கை சுட்டது. கழற்றினேன். உள்ளே குமிழைச் சுற்றி, காய்ந்து கெட்டியாகி, மஞ்சளாகச் சந்தனம். காய்ந்த சந்தனத்துக்குள் கரண்டு எப்படிப் போகும்?

வைத்தது யார்? நான்தான். பூசைக்கு ஸ்டாண்டு டிரைவர்கள் ஆறு பேர் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் கடையில் பூசைவைப்பில் வைத்திருந்தார்கள். அத்தான் கட்டு மாற்ற ஆசானிடம் போயிருந்தார். நான் சோடா உப்பு கரைத்த வெந்நீரால் எல்லாக் குமிழையும் பளபளவென்று கழுவி, கல்லில் சந்தனம் அரைத்து, குளிப்பாட்டின பிள்ளைக்குப் பூசுகிற மாதிரி குமிழ் குமிழாகத் தடவி, மேலே குங்குமமும் வைத்தேன். ராத்திரி முழுக்க அது காய்ந்தது. மறுநாள் பூசையெடுப்பு முடிந்ததும் அவரவர் எடுத்துப் போய் அதன் மேலேயே வளையத்தை மாட்டி இறுக்கிவிட்டார்கள். சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்க யாருக்குக் கை வரும்?

அத்தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். குனிந்து என் காதில், "ஒண்ணும் சொல்லாத. தொடைச்சுட்டு மாட்டு. பிரஷ் ஒட்டிக்கிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். சொல்லாமல் இருந்தால் சாவி பிழைக்கும். எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் நான் சந்தனம் பூசினது இந்த ஒரு வண்டிக்கு மட்டுமா? ஒன்று கீரிப்பாறைக்கு வாடகை போயிருக்கிறது; இருட்டினபிறகுதான் மலை இறங்கும். இன்னொன்று விடியற்காலையில் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட வேண்டியது. வளைவில் பல்பு பட்டென்று போனால்?

நான் நிமிர்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் பெரியத்தானின் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "பெரியத்தான், டைனமோவுக்கு ஒரு கேடும் இல்ல. கெடுத்தது நான்தான். பூசைக்கு டெர்மினல்ல சந்தனம் பூசிட்டேன், அது அடைச்சுக்கிட்டு. இது ஒண்ணு மட்டும் இல்ல, ஆறு வண்டி இருக்கு. இப்பவே ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பணும், கீரிப்பாறை வண்டிக்கும் சேதி போகணும். சாவியைப் பிறகு பேசிக்கிடலாம்."

தங்கையா வளையத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "ஓட்டுறப்போ எல்லாம் மணக்கத்தான் செஞ்சுது. நான் சாமி கூடவே வாறார்னுல்லா நெனச்சேன், மைனி!" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்.

எனக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது. ஆனால் அழ நேரமில்லை. குனிந்தபடியே, சந்தனத்தைச் சுரண்ட ஏதாவது வேண்டும் என்று, வழக்கம்போல அத்தான் இருக்கிற பக்கமாகக் கையை நீட்டினேன். கையில் கனமாக ஒன்று வந்து விழுந்தது. நீளமான இரும்புச் சாவி, எங்கள் கடைச் சாவி. நிமிர்ந்தால் பெரியத்தான், சேற்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்கு நேரே குனிந்து நின்றார்: "ஆறில்ல பிள்ளே, ஏழு. பூசைக்கு எனக்க ரேடியோப்பெட்டி பேட்டரியையும் இங்கதானே வச்சிருந்தேன். நம்ம தாலுக்கா மலையாள ராஜ்ஜியத்துலயே இருக்குமா, தமிழ் ராஜ்ஜியத்துல சேருமான்னு கேக்க ஊரே எனக்க முற்றத்துல வந்து நிக்குது, சவம் மூணு நாளா கரகரங்குது. அதை எப்படிச் சொரண்டணும், அதைச் சொல்லு முதல்ல."

ஆக, பேட்டரிக்கடையில் பக்திக்குத் தாராளமாக இடமுண்டு, ஈயக் குமிழைச் சுற்றி மட்டும் கிடையாது.